எஸ்தெடிஷியன் போர்டும் குற்றாலத்துச் சாரலும்

முகத்தைத் தொட்டுப் பிழைக்கிற தொழிலில் முதலில் அசடு வழிவது நம் முகம்தான். போர்டு மாட்டிவிட்டு அதற்கு அர்த்தம் சொல்லியே தொண்டை வற்றிப்போனவர்கள் உங்களில் இருந்தால், இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

வாசலில் அண்ணாச்சி

அறுபதுகளின் தொடக்கம். மதராஸில் ஓர் ஆங்கிலோ-இந்திய அம்மாவிடம் இரண்டு வருஷம் தொழில் படித்துவிட்டு, குற்றாலத்தில் கடை போட்டேன். 'எஸ்தெடிஷியன்' என்று போர்டு. தோலைச் சுத்தம் செய்து, பரு அண்டாமல் பேணுகிறவள் என்று பொருள். பூச்சு வேலை கிடையாது. அந்த அம்மா அதில் ரொம்பக் கறார்.

வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டுவிட்டு வந்தவள் நான். கடை போனால் திரும்பிப் போய் அவர்கள் முன்னால் நிற்க வேண்டும். அது தெரியாமல் கட்டடக்கார அண்ணாச்சி கெடு வைத்தார்: "போறவன் வாறவன்லாம் எங்கிட்ட அர்த்தம் கேக்கான். சாரல் முடியுறதுக்குள்ள ஊருக்குப் புரியலைன்னா போர்டை எறக்கிரு. எண்ணெய்க் கடைக்கு ஆள் காத்துக் கெடக்கு."

முதல் ஆள்

பாவூர்சத்திரம் தக்காளி வியாபாரி. குற்றாலத்தில் பெஞ்சு போட்ட கடை என்றால் எண்ணெய் தேய்க்கிற கடைதான் என்பது அவர் முடிவு. உள்ளே போய்ப் பன்னீரை எடுத்துக்கொண்டு திரும்புகிறேன், மனுஷர் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்திருக்கிறார். பெண்களுக்கு மட்டும், அதுவும் முகத்துக்கு மட்டும் என்று பதறிச் சொன்னேன். சாவகாசமாக எழுந்து பித்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "மொகத்துக்கு மட்டுமா? மிச்ச ஒடம்பு என்ன பாவம் பண்ணிச்சு தாயி?"

ஆவி

செங்கோட்டை டீச்சர் ஒருத்திக்குத் துண்டைப் போர்த்தி ஆவி காட்டினேன், தோலில் அழுக்கு இளகட்டும் என்று. ஜன்னல் வழியே யார் பார்த்தார்களோ, மறுநாள் வாசலில் ஆறு பெண்கள். ஆறு பேரும் சாரலில் நனைந்து மூக்கை உறிஞ்சுகிறார்கள். விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. எரிச்சலோடு எல்லோருக்கும் ஆவி பிடித்துவிட்டேன். கடைசியாக எழுந்த அக்கா சொன்னாள்: "மூக்கு நல்லாத் தொறந்துட்டு. ஆனா நொச்சி எலை போடாம என்னத்த வைத்தியம் படிச்ச?"

அருவிக்கரையில் பெண் பார்த்தது

அண்ணாச்சி மகள் வடிவுக்கு முகமெல்லாம் பரு. இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. அண்ணாச்சிக்குத் தெரியாமல் அவர் சம்சாரமே மகளைக் கொல்லைப்புற வழியாக என்னிடம் அனுப்பினாள். ஒன்றரை மாதம் கடலைமாவும் வெள்ளரியும் ஆவியுமாகப் பாடுபட்டேன். பெண் பார்க்க வந்த அன்று அத்தைக்காரி ஒருத்தி எல்லாவற்றையும் மூடி, அரை டப்பா பவுடரை அப்பிவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா லேசுப்பட்டவள் இல்லை. "குற்றாலம் வந்துட்டுக் குளிக்காமப் போறதா?" என்று பெண்ணைக் கையோடு அருவிக்கு இழுத்துப் போனாள். பூச்சில்லாத முகத்தைப் பார்க்க இந்தப் பக்கத்து மாமியார்கள் கண்டுபிடித்த வழி அது. பவுடர் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. துணைக்குப் போயிருந்த நான் துண்டை நீட்டினேன். அந்த அம்மா வடிவின் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். தட்டு மாற்ற நாள் குறித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். சம்சாரம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். போர்டை அண்ணாந்து பார்த்து ஒரு தட்டுத் தட்டினார். பிறகு சொன்னார்: "அர்த்தம் புரிஞ்சுட்டும்மா. அருவியில போகாத பவுடரு போடுதவ. ஊருக்கு நானே சொல்லிக்கிடுதேன்."

அவர் சொன்னபடியே ஊரெல்லாம் சொல்லிவிட்டதால், இல்லாத அந்தப் பவுடரைக் கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்து முகம் கழுவிவிட்டே என் கடை நிலைத்துவிட்டது.