குனிந்து நுழைந்த வீடு

என் மனைவி வீடு கழுவும்போது நான் இன்னும் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன். புதுச்சத்திரத்தில் சேலம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் நாங்கள் இப்போது வாடகைக்கு இருக்கும் வீடு இது. கடல் எங்கேயோ இருக்கிறது. குடிக்கிற தண்ணீரே லாரியில்தான் வருகிறது. ஆனாலும் தரையில் ஒரு வாளித் தண்ணீர் பரவுவதைப் பார்த்தால் என் கண் அரிசிப் பை எங்கே இருக்கிறது என்று தேடும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இந்தோனேசியாவில் நான் வாங்கிய வீட்டில் ஒரே ஒரு அமாவாசை இருந்து பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

நான் தறி மாஸ்டர். குமாரபாளையத்தில் விசைத்தறியில் ஆரம்பித்து, பெரிய மில்களில் ஏர்ஜெட் தறி ஓட்டிப் பழகி, ஜாவாத் தீவின் வடகரையில் ஒரு நெசவு நகரத்துக்கு வேலைக்குப் போனேன். மனைவியும் ஆறு வயது மகளும் கூட வந்தார்கள். மில் கொடுத்த குவார்ட்டர்ஸில் இரண்டு வருடம் இருந்தோம். அப்புறம்தான் எனக்கு அந்த ஆசை பிடித்தது. சொந்தமாக ஒரு வீடு, முன்னறையை மில்லில் வேலை செய்யும் பெண்களுக்கு வாடகைக்கு விடலாம், பின்னால் நாம் இருந்துகொள்ளலாம், மகளின் படிப்புக்கு ஆகும் என்று கணக்குப் போட்டேன். அந்த நாட்டில் வெளிநாட்டுக்காரன் பேரில் மனை எழுத மாட்டார்கள். இருபத்தைந்து வருடத்துக்குக் குத்தகை எழுதிக்கொள்ளலாம். அது எனக்குப் போதும் என்று தோன்றியது.

ஊரில் எனக்கு இருந்தது ஒன்றேகால் ஏக்கர் மேட்டுக்காடு. அதில் மூன்று போர் போட்டேன். கடைசிப் போர் ஆயிரத்து இருநூறு அடி இறங்கியும் புகைதான் வந்தது. ரிக் வண்டிக்காரர் குழாயை உருவி எடுத்துக்கொண்டு, முகத்தில் அப்பிய வெள்ளைத் தூசியைத் துடைத்துக்கொண்டே, "உங்க காட்டுக்கு ராசி இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காட்டை விற்றேன். பற்றாததற்கு மனைவியின் நகைகளை விற்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "நல்லாப் பாத்துச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரு ஸ்கூட்டர் போனால் எதிரில் வருபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வாசலுக்கு வாசல் கூண்டில் பறவைகள் தொங்கும். எதிர்வீட்டு அம்மாள் காலையில் சோயாக்கட்டி பொரித்து விற்பார். விற்க வந்தவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போய்க் கிணற்றைக் காட்டினார். கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. குனிந்து சொம்பால் மோந்துவிடலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயிரத்து இருநூறு அடிக்குப் புகையைப் பார்த்தவனுக்குக் கையெட்டும் தூரத்தில் தண்ணீரைக் காட்டினால் வேறென்ன ஆகும்? வாயில் விட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வாசல் நிலை என் கழுத்து உயரம்தான் இருந்தது. நானும் மனைவியும் குனிந்துதான் நுழைந்தோம். "பாத்தியா, நம்ம பக்கத்துப் பழைய ஊடுக மாதிரியே. ஊட்டுக்குள்ள தலை வணங்கி வரோணும்னு கட்டியிருக்காங்க" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மின்சார ஸ்விட்ச் பெட்டியைக் காட்டினாள். அது முழங்கால் உயரத்தில் இருந்தது.

"ஏனுங்க, இதென்ன இத்தனை கீழ வெச்சிருக்காங்க?"

"கொழந்தைகளுக்கு எட்டட்டும்னு வெச்சிருப்பாங்க" என்றேன். எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது.

மனைவிக்குப் புரியாத தன் மொழியில் வாத்தியார் என்னிடம் அவசரம் வேண்டாம் என்றார். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை வந்து பாருங்கள், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றார். மூன்று தடவை சொன்னார். வேறு யாரோ கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள், மனிதர் நாள் கடத்துகிறார் என்று நினைத்தேன். அந்த வாரமே கையெழுத்துப் போட வைத்தேன். சாவியைக் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்தார். இருந்த வீட்டை விட்டுப் போகிற வருத்தம் என்று எண்ணி ஆறுதல்கூடச் சொன்னேன். என்னைப் போல் ஒரு முட்டாளை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

குடிவந்த ஆறாம் நாள் அமாவாசை. நல்ல வெயில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். முன்னறையில் விளையாடிக்கொண்டிருந்த மகள் ஓடி வந்தாள். "அப்பா, தரை அழுவுதுங்கப்பா" என்றாள்.

போய்ப் பார்த்தேன். டைல்ஸ் இடுக்குகளில் கோடு கோடாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. குழாய் உடைந்துவிட்டது என்று ஓடிப்போய் வால்வை மூடினேன். நிற்கவில்லை. அரை மணியில் கணுக்கால் நனைந்தது. வெளியே பார்த்தால் சந்து முழுக்கத் தண்ணீர். வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. சாக்கடை தலைகீழாக ஓடி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. அந்த நிமிடம் எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? மழை பெய்தால் நிற்கும். ஆறு பெருகினால் வடியும். கடல் வீட்டுக்குள் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

எதிர்வீட்டு அம்மாள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். அவருக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் அரிசிப் பையைத் தூக்கிக் கட்டிலின்மேல் வைத்தார், கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்தார். அவர் சொல்லித்தான் விஷயம் விளங்கியது. அங்கே நிலம் வருடா வருடம் இறங்குகிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறி வருகிறது. வீட்டுக்காரர்கள் மண் கொட்டித் தரையை உயர்த்திக்கொண்டே போகிறார்கள். உன் தரைக்கு அடியில் இன்னும் மூன்று தரை இருக்கிறது என்றார். அப்போதுதான் நிலையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நிலையை யாரும் குட்டையாகக் கட்டவில்லை. தரைதான் அதை நோக்கி ஏறி வந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. சேலத்திலிருந்து கொண்டுபோன தினசரி காலண்டரில் அமாவாசையையும் பௌர்ணமியையும் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். மில்லில் தறி ஓடும்போதும் காது வீட்டில் இருக்கும். மகள் வாசலுக்கு ஓடினால் ஸ்விட்ச் பெட்டியை நினைத்துப் பின்னாலேயே ஓடுவேன். வாடகைக்கு வந்த பெண்கள் ஒரு மாதத்தில் போய்விட்டார்கள். இன்னும் தரையை உயர்த்த இடமில்லை. உயர்த்தினால் கூரையையும் பிரித்து ஏற்ற வேண்டும், அதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. மனைவியிடம் வாத்தியாரைத் திட்டித் தீர்ப்பேன். ஏமாற்றுக்காரன், விளங்குவானா என்று ஒரு வருடம் திட்டினேன். அவள் கேட்டுக்கொண்டு இருப்பாள்.

கடைசியில் குத்தகையைக் கைமாற்றிவிட முடிவு செய்தேன். புது டைல்ஸ் ஒட்டச் சொன்னேன். உயரம் கூட்டாமல் டைல்ஸ் ஒட்டி என்ன பயன் என்று கொத்தனார் கேட்டார். வருகிறவர்கள் பார்ப்பதற்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அங்கிருந்த தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஒருவர் பேசினார். இளம்பிள்ளைக்காரர், நெசவுக் குடும்பம், எங்கள் மில்லுக்கே ஃபிட்டராகப் புதிதாக வந்தவர். அவர் மனைவிக்கு ஏழு மாதம். காலண்டரைப் பார்த்து, தண்ணீர் வராத நாளாகப் புதன்கிழமை வரச் சொன்னேன்.

"புதன்கெழமை அஷ்டமிங்களேண்ணா. ஊடு பாக்கற காரியம். அடுத்த வாரம் அமாவாசை வருது, அன்னிக்கு வாரோமுங்க. நல்ல நாளு."

அமாவாசை வேண்டாம் என்று நம் பக்கத்து ஆளிடம் எந்த வாயால் சொல்வது? சரி என்றேன். அன்று தண்ணீர் ஒரு மணிக்கு ஏறும். பதினோரு மணிக்கே வரச் சொல்லி, பன்னிரண்டுக்குள் அனுப்பிவிட நினைத்தேன்.

சொன்னபடி வந்தார்கள். அந்தப் பெண் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிலையில் குனிந்து நுழைந்தாள். "நம்மூரு நெலை மாதிரியே இருக்குதுங்கண்ணா" என்றாள். கிணற்றைப் பார்த்தவள், "ஐயோ, கையிலயே மோந்துக்கலாம் போல இருக்குது" என்று புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். இதே இடத்தில் நின்று நான் கண் கலங்கியது நினைவுக்கு வந்தது. முன்னறையைக் காட்டுகிறேன் என்று அவர்களை உள்ளே அழைத்துப் போனேன். மகளின் படிப்பு, விற்ற காடு, மனைவியின் வெறும் கழுத்து எல்லாம் கண்ணில் நின்றது. இவர்கள் போய்விட்டால் போதும், பிழைத்துவிடுவேன் என்று மட்டும் நினைத்தேன்.

ஆனால் என் மனைவி அவர்களைச் சாப்பிட உட்காரச் சொல்லிவிட்டாள். அடுப்படிக்குப் போனேன். அப்போதுதான் உலை வைத்திருந்தாள்.

"நேரமாகுது, காப்பி குடுத்து அனுப்பீரலாம்" என்றேன்.

"அமாவாசையும் அதுவுமா, மாசமா இருக்கற புள்ளைய வெறும் வயித்தோட அனுப்பறதுங்களா?" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. அரிசிப் பை செங்கல் மேல் ஏறியிருந்தது. மகளின் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கியது. அவள் எல்லாவற்றையும் காலையிலேயே தூக்கி வைத்திருக்கிறாள். எனக்குப் புரிந்தது.

தரையில் பாய் விரித்து, வாழையிலை போட்டு, மெதுவாகப் பரிமாறினாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிசைந்தேன். ரசம் ஊற்றும்போது அந்தப் பெண் நெளிந்தாள். "தண்ணி டம்ளர் சாஞ்சுருச்சுங்களா?" என்று பாயைத் தடவினாள். டம்ளர் நேராக இருந்தது. அவள் புருஷன் பாயின் ஓரத்தைத் தூக்கினார். புது டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் பூத்திருந்தது.

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்களே சொல்லீருங்க" என்றாள்.

சொன்னேன். எச்சில் கையோடு உட்கார்ந்து, நிலம் இறங்குவதை, கடல் ஏறுவதை, அடியில் கிடக்கும் மூன்று தரைகளை, புது டைல்ஸ் எதற்கு என்பதை எல்லாம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் இலை நனைந்துவிட்டது. அவர் எழுந்து கை கழுவினார். செருப்புகள் வாசலில் மிதந்தன. என் மனைவி அவற்றைப் பிடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் புடவையைத் தூக்கிப் பிடித்து, நிலையில் குனிந்து வெளியே போனவள், தண்ணீரில் நின்றபடி திரும்பினாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நீங்க வாங்கறப்ப உங்களுக்கு யாருமே சொல்லலீங்களாண்ணா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வித்தவரு சொன்னாருங்க" என்றேன். "பத்து நாள் கழிச்சு வந்து பாத்துட்டு எழுதிக்கன்னு மூணு தடவை சொன்னாரு. பத்து நாள் கழிச்சுன்னா அமாவாசை. அவருக்கு அதுக்கு மேல சொல்ல வாய் வரல. நாந்தான் கேக்கல."

செருப்பை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற என் மனைவி, வாத்தியார் அப்படிச் சொன்னதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டாள்.