துடக்கு மாதத்தில் ஒரு கச்சேரி

அண்ணா இறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நோர்வேயில், குறொன்லாண்ட் என்ற பகுதியில் ஒரு கோப்பிக் கடையில் பாடுவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். என் மூன்றாவது பாட்டு இறுவட்டு வெளிவரும் நாள் அது. ஒரு பின்னேரம் முழுவதையும் அதற்கு முன் யாரும் எனக்கென்று தந்ததில்லை.

நான் பாடுவது கன்ட்ரிப் பாட்டு. அகதியாக வந்த புதிதில் வடக்கே ஒரு முகாமில் இருந்தேன். அங்கே வேலை செய்த நோர்வேக்காரர் ஒருவர் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு அமெரிக்க லொறிக்காரரின் பாட்டுகளைப் பாடுவார். வீட்டை விட்டு வந்தவன், மழை, முடியாத றோட்டு. மொழி தெரியாமலே எனக்கு விளங்கியது. பிறகு நானே எழுதத் தொடங்கினேன். முதலில் தமிழில், பிறகு பிழையும் சரியுமாக நோர்வே மொழியில். கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. விடுமுறையில் கிராமத்து விழா, நூலகம், முதியோர் இல்லம் என்று கிற்றாரும் நானும் பஸ்ஸில் போவோம். எனக்குப் பின்னால் கம்பெனி என்று எதுவும் இல்லை. இறுவட்டின் உறையை மடித்து ஒட்டுவதும் நான்தான்.

எங்கள் சனத்தின் விழாக்களில் சினிமாப் பாட்டுத்தான் கேட்பார்கள். ஒரு முறை மண்டப வாசலில் ஒருவர், "கவ்போய் வாறார், குதிரையைத்தான் காணேல்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் பாட்டுக்கென்று காத்திருந்தவர் யாழ்ப்பாணத்தில் இருந்த அண்ணா ஒருவர்தான். ஒவ்வொரு பாட்டையும் போனில் அனுப்புவேன். "தம்பி, அழுறது அழுறாய், சுருதியோட அழுறாய்" என்பார். அவருடைய செத்தவீட்டையும் நான் போனில்தான் பார்த்தேன்.

எங்கள் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை துடக்கு, சாவுத் தீட்டு. கோயிலுக்குப் போகக் கூடாது. வீட்டுச் சாமியறையிலும் விளக்கு ஏற்றவில்லை. முருகனைக் கேட்காமல் நான் எதையும் செய்ததில்லை. கேட்டே ஆகவேண்டிய நேரத்தில் அந்தக் கதவு சாத்தியிருந்தது. பாடினால் அண்ணாவுக்குக் குறை செய்தவனாவேனா, அவர் காத்திருந்த பாட்டைப் பாடாமல் விட்டால்தான் குறையா என்று தெரியாமல் கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன்.

"கொண்டாட்டமோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. சோகப் பாட்டுத்தான்."

"சனம் கை தட்டுமோ?"

"தட்டும்."

"அப்ப கொண்டாட்டம்தானே." பிறகு, "உங்கட மனசு என்ன சொல்லுதெண்டு பாருங்கோ" என்றார்.

மனைவி குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. "இஞ்சேருங்கோ, உங்கட பாட்டைக் கேக்க வாற சனம் எப்பவும் செத்தவீட்டுக்கு வந்த மாதிரித்தானே இருக்குங்கள். போய்ப் பாடுங்கோ" என்றா. நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தணித்து, "நான் வரேல்லை. காணுற எங்கட ஆக்கள் துடக்கோட ஏன் வந்தனீங்கள் எண்டு கேப்பினம்" என்றா.

தனியாகப் போனேன். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், எல்லோரும் நோர்வேக்காரர். முதல் பாட்டு முடிந்து அவர்கள் கைகளைத் தூக்கியபோது நான் என் கையைக் காட்டி நிறுத்தினேன். "என் அண்ணா இறந்துவிட்டார். எங்கள் முறைப்படி இது கொண்டாடக் கூடாத மாதம். தயவுசெய்து கை தட்டாதீர்கள்" என்று எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் சொன்னேன்.

கைகள் மடிக்குப் போயின. அதற்குப் பிறகு ஒருவரும் தட்டவில்லை. ஒரு பாட்டு முடிந்தால் கோப்பி மெஷினின் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்ததை எப்போது தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணா கேளாமல் போன பாட்டைக் கடைசியில் பாடினேன். இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. ஒருவரும் அசையவில்லை.

செத்தவீட்டில் இருந்து புறப்படும்போது நாங்கள் போயிட்டு வாறன் என்று சொல்வதில்லை. அந்த வழக்கம் தெரியாமலே அவர்களும் அப்படித்தான் போனார்கள். ஜக்கெற்றை மாட்டி, கதிரையைச் சத்தமில்லாமல் தள்ளி, ஒவ்வொருவராக. இறுவட்டுப் பெட்டியின் பக்கம் யாரும் வரவில்லை. சாவு சொன்ன ஒருவனிடம் சாமான் வாங்குவது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார்கள். கடைக்காரி கோப்பைகளைத் துடைத்தபடி, "தேவாலயத்தில் இருந்த மாதிரி இருந்தது" என்றா. அது பாராட்டா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு அந்தக் கடையில் இருந்து அழைப்பும் வரவில்லை.

அன்று வீடு திரும்பும் ரயிலில் எனக்கு எதிரே, கச்சேரியில் முன் வரிசையில் இருந்த வயதான பெண் ஒருவர் வந்து இருந்தார். என்னைக் கண்டு தலையை அசைத்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கை தட்ட வேண்டாம் என்றுதான் நான் கேட்டேன். ஒரு சொல் சொல்ல வேண்டாம் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் ஏதாவது சொல்லுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டோவ்னரில் இன்னொரு முறை தலையை அசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நான் இறங்கும் வெஸ்ட்லி வரை பெட்டியில் நான் மட்டும் இருந்தேன். செய்தது சரியோ பிழையோ என்று முருகனிடம் கேட்க இன்னும் நாள் கிடந்தது.