தட்டில் வைத்துக் காட்டிய அல்ஜீரியா

பாலைவனத்தில் யாரும் யாரையும் கொல்ல வரமாட்டார்கள் என்று எங்கள் வீட்டில் நம்பினோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் கணவர் ஹூஸ்டன் நிறுவனம் ஒன்றுக்காக அல்ஜீரியாவின் எரிவாயு வயல்களில் நான்கு வாரம் இருப்பார். அடுத்த நான்கு வாரம் ஹூஸ்டனை அடுத்த பேர்லேண்டில் எங்களோடு.

அந்த நம்பிக்கையைத் தந்தவர் அவருடன் வேலைபார்த்த அல்ஜீரிய நிலவியலாளர். பயிற்சிக்காக ஹூஸ்டன் வந்திருந்தபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டார். உங்கள் நாடு எப்படியிருக்கும் என்று கேட்டேன். தயிர்சாதத்தைத் தட்டின் மேல்விளிம்பில் மெல்லிய பட்டையாக ஒதுக்கினார். அது மத்தியதரைக் கடலோரம். மக்களில் பெரும்பாலோர் அங்கேதான். அதன்கீழ் உருளைக்கிழங்குத் துண்டுகள், அட்லஸ் மலை. மிச்சமெல்லாம் சஹாரா. நூற்றுமுப்பது ஆண்டுப் பிரெஞ்சு ஆட்சி வேரூன்றியதும், இராணுவம் தேர்தலை நிறுத்தியபின் இப்போது கொலைகள் நடப்பதும் பெரும்பாலும் சாதத்துக்கும் கிழங்குக்கும் இடையில்தான் என்றார். வெறுந்தட்டைத் தொட்டு, உங்கள் கணவர் இருப்பது இங்கே என்றார். பிறகு தலைநகரிலிருந்து சாப்பிடத் தொடங்கினார்.

தொலைக்காட்சியில் குண்டுவெடிப்பைப் பார்த்து நான் கூப்பிட்டுக் காட்டினால் என் கணவர் சிரிப்பார்.

"டெக்சாஸ் அந்தக் கோடியில எல் பாசோல சண்டைன்னா நீ பேர்லேண்ட்ல கதவைப் பூட்டிப்பியா?"

ஆனால் வயலுக்குப் போகும் வழி கடலோரத்தில்தான் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் தலைநகர் அல்ஜியர்ஸில் ஓர் இரவு. அந்த நிலவியலாளர் நண்பரே விமான நிலையத்துக்குக் காரோட்டி வருவார். அவர் மனைவி சமைத்து வைத்திருப்பார். வெளிநாட்டவர் வெளியேறாவிட்டால் கொல்லப்படுவார்கள் என்று ஆயுதக் குழுக்கள் அறிவித்தபோது, முதன்முறையாகப் போகவேண்டாம் என்றேன்.

"கிரீன் கார்டு வரட்டும். அதுவரைக்கும் ரிசைன் பண்ண முடியாதும்மா."

பெட்டி கட்டிய அன்று நண்பரின் தொலைபேசி வந்தது, எடுத்தவள் நான். அவர் வாசலில் ஒரு வெள்ளைத் துணியையும் சோப்புக்கட்டியையும் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இறந்தவரைக் குளிப்பாட்டி மூடுவதற்கு உரியவை. வெளிநாட்டாரோடு பழகியதற்காக இருக்கலாம் என்றார், வானிலை சொல்வதைப்போல.

"இந்த முறை அவரை அனுப்பாதீர்கள்."

நீங்களாவது அந்த வெறுந்தட்டுக்குப் போய்விடக் கூடாதா என்று கேட்டேன். மனைவி வேலைபார்க்கும் பள்ளிக்கூடம் இங்கே இருக்கிறதே என்றார்.

என் கணவர் போகவில்லை. விரைவில் நிறுவனமும் மற்றவர்களைத் திருப்பியழைத்துக்கொண்டது. சில வாரங்கள் கழித்து என் கணவர் அழைத்தபோது நண்பரின் மனைவி எடுத்தார். என் கணவருக்குத் தெரிந்த சொற்பப் பிரெஞ்சு அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளப் போதுமானதாக இருந்தது.

அந்த அம்மாள் இன்னும் அதே வீட்டில் தனியாக இருக்கிறார். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம்.