அம்மாவின் கல்லில் ஒரு சொல்

எங்கள் அம்மா இறந்தபின் அவள் கல்லறைக்குக் கல் வைக்கப் பத்து மாதம் ஆயிற்று. கல் கிடைக்காமல் இல்லை. என் அண்ணன்மார் இருவருக்கும் இங்கிலீஷ் தெரிந்துபோனதுதான் காரணம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரியண்ணன் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். சின்னண்ணன் கல்லூரியில் அதையே நடத்துகிறவர். என் வீட்டுக்காரர் ஒருமுறை அவர்கள் முன்னால் 'டிஸ்கஸ் அபௌட்' என்று சொல்லிவிட்டார். அந்த 'அபௌட்' வரக்கூடாதாம். சாப்பிட உட்கார்ந்த மனுஷனை இலைக்கு முன்னால் வைத்தே திருத்தினார்கள். வீட்டு மாப்பிள்ளை என்ற மரியாதைகூடக் கிடையாது.

கல்லறைக் கல்லில் இங்கிலீஷில் வெட்டினால்தான் படித்த குடும்பம் என்று எங்கள் சபையார் நடுவே ஒரு நினைப்பு. பேருக்குக் கீழே 'அஸ்லீப் இன் ஜீசஸ்', அதாவது இயேசுவுக்குள் நித்திரை, என்று போட வேண்டும் என்றார் பெரியண்ணன். அம்மா இயேசுவோடு இருக்கிறாள், அதனால் 'இன்' இல்லை, 'வித்'தான் என்றார் சின்னண்ணன். இதற்குத்தான் பத்து மாதம்.

"ஏலே, எனக்கே பாடம் எடுக்கியா? காலங்காலமா 'இன்'னுதாம்லே போட்டிருக்கு" என்று பெரியவர் எகிறுவார்.

"காலங்காலமா தப்பாப் போட்டா சரியாயிருமாண்ணே?" என்பார் சின்னவர்.

கல் வெட்டுகிற அண்ணாச்சி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பெரியவர் திருத்துவார், அந்தத் திருத்தத்தைச் சின்னவர் அடிப்பார். நாலாம் தடவை அண்ணாச்சி எனக்கே போன் போட்டார். "எம்மா, ஒங்க அண்ணன்மார ஒரு வார்த்தைல நிக்கச் சொல்லுங்க. கல்லு வெயில்ல கெடக்கு."

இதற்கு நடுவே அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, ஒரு கண் முழுக்கப் போய்விட்டது. மற்றதற்கும் டாக்டர் நம்பிக்கை சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பாவைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவேன். வெறும் மண்மேட்டைப் பார்த்து நிற்பார். "கண்ணு இருக்கையிலேயே அவ பேர வாசிச்சிரணும்மா" என்பார். வாராவாரம் இதே பேச்சு.

ஒருநாள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கத்தினேன். "முக்கூடல்ல பீடி சுத்தி ஒங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சா அம்மா. அவளுக்கு ஒரு கல்லு வைக்க வக்கில்ல. ஒங்க இங்கிலீஷத் தூக்கி ஆத்துல போடுங்க! வார ஞாயித்துக்கெழம கல்லு நிக்கணும். இல்லன்னா ஒங்க வாசல மிதிக்க மாட்டேன்."

அந்த வரியே வேண்டாம், பேரும் தேதியும் போதும் என்று முடிந்தது. சீ, இதை முதல் நாளே செய்திருக்கலாமே!

ஞாயிற்றுக்கிழமை கல் வந்துவிட்டது. கறுப்புக் கல்லில் பொன்னிற எழுத்து. போதகர் ஜெபம் முடித்ததும் அப்பாவைக் கைபிடித்துக் கிட்டே கொண்டுபோனேன். மூக்கு கல்லில் படுகிற அளவுக்குக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"எம்மா, இதுல அவ பேரு எங்கன இருக்கு?"

அவர் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். அண்ணன்மாரை விடுங்கள். பத்து மாதமாக அவர்களைக் கரித்துக்கொட்டிய எனக்கு எங்கே போயிற்று புத்தி? அவ்வளவு கத்தினேனே, தமிழில் வெட்டுங்கள் என்று ஒரு வார்த்தை என் வாயில் வந்ததா? எனக்கும் அந்தப் 'படித்த குடும்பம்' என்ற பேர் வேண்டியிருந்தது.

"தமிழ்ல இருந்தா நானே வாசிச்சிருப்பேம்லா" என்றார் அப்பா. அவர் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே அண்ணாச்சியிடம் ஓடினேன். அடுத்த மாதம் அவர் வந்து, கல்லின் கீழ்ப்பக்கம் அம்மா பேரைத் தமிழில் வெட்டிக் கொடுத்தார். அதற்குள் அப்பாவுக்கு மற்றக் கண்ணும் போய்விட்டது. நான்தான் வாசித்துக் காட்டினேன்.