ஜனாதிபதி மாளிகைக்குப் போன சம்மன் அக்கா

சம்மன் அக்கா வருகிறார் என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நீதிமன்ற நோட்டீஸ்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவருடைய உத்தியோகம். இருபத்தாறு வருடம். நாய் கடித்திருக்கிறது, மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஒருவன் தானே கதவைத் திறந்து, "அவர் போன மாசமே செத்துட்டாருங்க" என்று தன்னைப் பற்றியே சொல்லியிருக்கிறான். அக்கா அசரவில்லை. "பரவாயில்ல, இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டு மறுபடியும் செத்துக்கட்டும்" என்று நோட்டீஸை நீட்டினாராம்.

நானும் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போனவள்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஜனாதிபதி நெருக்கடி நிலை அறிவித்த பதினேழாம் நாள், டிப்போவில் நாலு பேர் நடுவில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டார். "பதினாலு நாளுக்குள்ள நாடாளுமன்றம் ஒத்துக்கலைன்னா இது தானா முடிஞ்சுடும்னு அரசியல் சட்டத்துல இருக்கே. நாடாளுமன்றம் கூடவே இல்லை, அப்புறம் எப்படி நீட்டிச்சாங்க?" அவ்வளவுதான். சாயங்காலம் அவர் வீடு திரும்பவில்லை.

நாடாளுமன்றம் எங்கே கூடுவது? கட்டடத்தைப் பழுதுபார்க்கிறோம் என்று பூட்டி வைத்திருந்தார்கள். மழையே இல்லாத மாதத்தில் கூரை ஒழுகியதாம்.

நீட்டிப்பு செல்லாது, அவரை விட வேண்டும் என்று வழக்குப் போட்டேன். திங்கட்கிழமை விசாரணை. அதற்குள் ஜனாதிபதி அலுவலகத்துக்கு நோட்டீஸ் போய்ச் சேராவிட்டால் வழக்கு மூன்று மாதம் தள்ளிப்போகும் என்றார் வக்கீல். நீதிமன்றத்தில் அந்தக் கவரைத் தொட ஆளில்லை. ஒருவருக்குத் திடீர் முதுகுவலி, இன்னொருவருக்கு மாமியார் சீரியஸ். அக்காதான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன்.

மாளிகை வாசலில் இருந்த காவல் அதிகாரி கவரைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாங்கக் கூடாதுன்னு உத்தரவு."

"சரிங்க. வந்தவங்களைப் பதிவேட்டுல எழுதணும்னும் உத்தரவு இருக்குமே?" என்றார் அக்கா.

இருந்தது. நெருக்கடி நிலைக்கென்றே புதிதாகப் போட்டது. வாசலுக்கு வரும் காக்காயைக்கூட எழுதி, அதன் கையில் ஒரு சீட்டும் கொடுத்தாக வேண்டும். அந்த மனிதருக்கு வேலை சுத்தம். குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்: 'நீதிமன்ற நோட்டீஸ் கொண்டுவந்தார். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பப்பட்டார். காலை 11.10.' கையெழுத்து, முத்திரை, சீட்டு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கொடுக்க முடியலையே அக்கா."

"கொடுத்தாச்சும்மா. வாங்க மாட்டேன்னு சொன்னா வாங்கின மாதிரிதான் கணக்கு. அதை அவரே எழுதிக் குடுத்திருக்காரு பாரு."

திங்கட்கிழமை அரசு வக்கீல் எழுந்து, நோட்டீஸே வரவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அக்கா சீட்டை நீட்டினார். நீதிபதி அதை இரண்டு முறை படித்தார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார், நான் அடக்கவில்லை. மதியத்துக்குள் தீர்ப்பு வந்தது. பதினான்கு நாள் என்றால் பதினான்கு நாள்தான்; நீட்டிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே, ஜனாதிபதிக்குக் கிடையாது; பிடித்து வைத்திருக்கும் எல்லோரையும் உடனே விட வேண்டும். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தீர்ப்பு நகலோடு ஜெயிலுக்கும் அக்காவே வந்தார். ஜெயில் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேலிடத்துல கேக்கணும். நாளைக்குக் காலைல வாங்க."

அக்கா பேனாவின் மூடியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார். "தாராளமா கேளுங்க சார். ஆனா ஜனாதிபதி உத்தரவு இப்ப செல்லாது. இனிமே இவங்களை உள்ள வச்சிருந்தா அது உங்க உத்தரவு. அதை மட்டும் உங்க பேரு போட்டு எழுதிக் குடுத்துடுங்க, நான் கிளம்பறேன்."

அவர் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவைத் தொடவில்லை. "கேட்டைத் திறக்கச் சொல்லுப்பா" என்றார் காவலரிடம்.

மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பேர். என் வீட்டுக்காரர் தாடியும் மீசையுமாக ஏழாவதாக வந்தார். கடைசி ஆள் வெளியே வரும்வரை அக்கா வாசலைவிட்டு நகரவில்லை. நாங்களும் நகரவில்லை.