பெரியம்மா அளவெடுத்த கதைப்போட்டி

கேள்வி முடிவதற்குள் கை தூக்கிவிடுவது என் பெரியம்மாவின் பழக்கம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். "யாராவது ஒருத்தர்..." என்று எவர் ஆரம்பித்தாலும் அந்த ஒருத்தர் பெரியம்மாதான். அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் என் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு ஒரு முறை வந்தாள். எதற்கென்றே தெரியாமல் கை தூக்கி, இருபது பிள்ளைகளுக்கு நாடக உடை தைத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் கண்டக்டர், "யாராவது டிக்கெட் எடுக்கலையா?" என்று கேட்டபோதும் கை மேலே போனது. டிக்கெட் அதே கையில்தான் இருந்தது.

"உங்க பெரியம்மா கைக்கும் மூளைக்கும் பல வருஷமாப் பேச்சுவார்த்தையே இல்ல" என்பார் பெரியப்பா.

பெரியம்மா துணிகளை ஆல்ட்டர் செய்பவள். சலவைக்கடைக்கும் சாவிக்கடைக்கும் நடுவில் அவள் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வயிற்றை எக்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். புதுத்துணி தைப்பதில்லை. இடுப்பைப் பிடிப்பது, கை நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, அவ்வளவுதான். அளவு நோட்டின் பின்பக்கங்களில் கதை எழுதுவாள்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் நூலக மாடியில் கூடும் எழுத்தாளர் குழுவில் எட்டு வருடமாக இருந்தாள். முறை வைத்துக் கதை வாசிப்பார்கள். அவள் முறை வரும்போது மூடும் நேரமாகி, நூலகர் மின்விசிறிகளை நிறுத்திக்கொண்டு வருவார். அப்படியும் ஒரு வாரம்கூடத் தவறாமல் போவாள். உலகத்தில் அவளை "வாங்க எழுத்தாளரே" என்று கூப்பிடும் இடம் அது ஒன்றுதான்.

அங்கேதான் ஒருநாள் தலைவர், "கதைப்போட்டிய நடத்த யாராவது..." என்றார்.

கை தூக்கியாகிவிட்டது.

"முழுசாக் கேட்டுட்டுத் தூக்குங்கம்மா. போன தடவை நடத்தினவர் சொந்த மச்சானுக்கே முதல் பரிசு குடுத்தார். குழுவை விட்டே அனுப்பிட்டோம். இந்தத் தடவை குளறுபடி ஆச்சுன்னா உங்களுக்கும் அதேதான். சம்மதமா?"

தூக்கிய கையை இறக்க வெட்கப்பட்டு அப்படியே வைத்திருந்தாளாம்.

முப்பத்தொரு கதைகள் வந்தன. எழுதியவர் பெயரைக் கிழித்தெடுத்து, துணிக்குப் போடுவதுபோல ஒவ்வொன்றுக்கும் நம்பர் துண்டை ஊசியால் குத்தினாள். கையெழுத்தை வைத்து நடுவர் ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால், எல்லாவற்றையும் டைப் செய்யும் வேலை எனக்கு வந்தது. அப்போது நான் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதுவும் இலக்கியத்தில்.

"பெரியம்மா, ஆயிரம் சொல்லைத் தாண்டினா நிராகரிக்கணும்னு விதி இருக்கு. பத்தொம்பது கதை தாண்டுது. எடுத்து வெச்சிடவா?"

"நிராகரிக்கறதா? இடுப்பு பத்தலைன்னு பேண்டைத் தூக்கிட்டு வர்றவங்கள, நீங்க குண்டா இருக்கீங்க, போயிட்டு வாங்கன்னா அனுப்பறேன்?"

"பேண்ட் வேற, கதை வேற."

"சரி. எப்படி வேறன்னு சொல்லு. நீதானே படிச்சவ."

யோசித்தேன். மூன்று வருடப் படிப்பில் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை. அதற்குள் அவள் துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸை எடுத்துவிட்டாள்.

"இந்த மழை எதுக்கு? கதையில ஒருத்தரும் நனையல. எடுத்துடு. அவன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். ஒருத்தர் பார்த்தாப் போதும். இந்தக் கனவு தொளதொளன்னு தொங்குது, உள்ள மடிச்சிடு."

"எழுதினவங்களுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாம வெட்டறதுதாண்டி என் வேலையே."

தப்பு என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் டைப் செய்தேன். ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மையில், வெட்டிய பிறகு கதைகள் நன்றாக இருந்தன. அதுதான் என்னைக் கெடுத்தது.

எல்லாவற்றிலும் நீளமானது பதினேழாம் நம்பர். மூவாயிரத்து நானூறு சொல். பத்து வருடப் பகைக்குப் பிறகு ஒருவன் பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கிறான், மணியை அழுத்துகிறான். அதற்குப் பிறகு ஐந்து பக்கத்துக்கு மன்னிப்பைப் பற்றி உபதேசம். பெரியம்மா மணியோடு நிறுத்திவிட்டாள்.

வெளியூரிலிருந்து வந்த நடுவர், ஒரு கல்லூரி ஆசிரியை, பதினேழுக்குத்தான் முதல் பரிசு கொடுத்தார். "எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்ச எழுத்தாளர்" என்று மேடையிலேயே சொன்னார்.

எழுதியவர் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர், குழுவில் ஒருவர். ஒரு கமாவை எடுக்கச் சொன்னாலும் ஒரு வாரம் பேசமாட்டார். பரிசுக் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அச்சடித்த பிரதியிலிருந்து கதையை வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு முறை புருவம் உயர்ந்தது. மூன்றாம் பக்கத்தில் குரல் தடுமாறியது. "மணியை அழுத்தினான்" என்று வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பினார். வெற்றுத்தாள். மறுபடியும் திருப்பினார். பெரியம்மா மடியில் இருந்த ஊசி டப்பாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எட்டு வருடமும் அந்த டப்பாவுக்குள் இருப்பதுபோல இருந்தது எனக்கு.

நடுவர் கைதட்டினார். அரங்கமே சேர்ந்து தட்டியது. மருந்துக்கடைக்காரர் மெதுவாகக் குனிந்து வணங்கினார்.

மாடிப்படியில் எங்களை மடக்கிவிட்டார். "டெய்லரம்மா, மீதி எங்க?"

பெரியம்மா பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். "வெட்டின துணியக் கஸ்டமருக்கே திருப்பிக் குடுக்கறது எங்க தொழில் வழக்கம் சார். உபதேசம் அஞ்சு பக்கம், மழை ரெண்டு, கனவு ஒண்ணு. சரிபார்த்துக்குங்க."

"ரெண்டாயிரத்து நானூறு சொல்லும்மா!"

"ஒண்ணுகூடக் குறையாது சார்."

"தலைவர்கிட்ட சொல்றேன்."

"சொல்லுங்க. தப்பு என்னோடதுதான்." குரல் உள்ளே போயிருந்தது. "வர்ற சனிக்கிழமையிலேர்ந்து நான் வரல. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் சார். மணியோட நின்னது உங்களுக்கே பிடிச்சிருந்துதா, இல்லையா?"

அவர் கோப்பையைப் பார்த்தார், கவரைப் பார்த்தார், நல்ல வேளையாகக் கோப்பையை இன்னொரு முறை பார்த்தார்.

"தலைவர்கிட்ட சொல்லல. ஆனா சும்மாவும் விடமாட்டேன். என் கதைய நீங்க வெட்டினீங்க. உங்க கதை ஒண்ணைக் கொண்டு வந்து குடுங்க, நான் வெட்டறேன். அதோட சரியாப் போச்சு."

"அவ்வளவுதானே? அடுத்த சனிக்கிழமை கைல இருக்கும் சார்."

மற்ற பதினெட்டுக் கவர்களைக் கேட்டு யாரும் வரவில்லை. கடை அலமாரியில் இருக்கின்றன. விதிக்குள் அடக்கி எழுதிய பன்னிரண்டு பேரை நினைத்தால்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவர்களில் ஒருவருக்குப் போயிருக்க வேண்டிய கோப்பையாக இருக்கலாம். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். அவளும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பெரியம்மா குழுவில்தான் இருக்கிறாள். மருந்துக்கடைக்காரர் சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, கதை ஆச்சா?" என்கிறார். "பட்டன் மட்டும் பாக்கி சார்" என்கிறாள். கதை எப்போதோ முடிந்துவிட்டது. நான்தான் டைப் செய்தேன். ஒரே ஒரு வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, நோட்டைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போன வாரம் அவளுக்குத் தலைவலி. தெருமுனைக் கடையை விட்டுவிட்டு, நான்கு தெரு தள்ளிப் போய் மாத்திரை வாங்கி வந்தாள்.