லியாகத் பாயின் நானூறு அடி ரயில்

கிருத்திகைக்குக் கிருத்திகை நான் பட்டினி இருப்பேன். அந்த நாளில் மட்டும் லியாகத் அலி பாய் தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு சுண்ணாம்புக் குழிக்குப் பின்னால் போய்விடுவார். ஆம்பூரில் நாங்கள் வேலை செய்த, தோல் பதனிடும் ஷாப்பில் அதைவிட நாற்றமான இடம் கிடையாது. "இன்னா பாய், அங்க போய் சாப்புடறீங்க?" என்று கேட்டால், "இங்க காத்து கம்மிப்பா" என்பார். காய்ந்த வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறவன் மூக்கில் பிரியாணி வாசனை ஏறக் கூடாது என்றுதான் அவர் அங்கே போனார். அது எனக்கு விளங்கப் பதினோரு வருஷம் ஆனது. அதுவும் அவர் வீட்டம்மா நசீமுன்னிசா சொல்லித்தான்.

பாய் அங்கே மிஷின் ஃபிட்டர். நான் பச்சைத்தோல் ஏற்றிய ட்ராலியைத் தள்ளுகிறவன். தோல் ஊறவைக்கும் தொட்டியிலிருந்து பின்கேட்டு வரை நானூறு அடிக்கு ஒரு சின்னத் தண்டவாளம் உண்டு. முதலாளியின் தாத்தா போட்டது. ஷாப்பை மூடி ஆறு வருஷத்தில் அது மண்ணுக்குள் போய், மேலே சீமைக்கருவேலம் முளைத்துவிட்டது. ஒருநாள் பாய் கடப்பாரையோடு போய்த் தோண்ட ஆரம்பித்தார்.

"எதுக்கு பாய் இந்த வேலை?"

"அதுல நான் சுத்தியால அடிக்காத எடம் இல்ல தனகோடி. எவனாவது எடைக்குப் போட்டா எனக்குத்தான் வலிக்கும்."

ரயில்வேயில் தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்ற ராமலிங்கமும் வந்து சேர்ந்தார். மூன்று பேருக்கும் வயதைக் கூட்டினால் நூற்றெண்பது தாண்டும். பாய் செல்போனில் 'ஆம்பூர் ரயில்வே' என்று ஒரு குரூப் தொடங்கி, கை தவறி நசீமுன்னிசாவையும் சேர்த்துவிட்டார். ராமலிங்கம் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கு அளவு போட்டால், அதன் கீழே "பால் வாங்கிட்டு வரவும்" என்று வரும். நேரில் போனால் இன்னும் மோசம். "வீட்டுக் கதவு மூணு வருஷமா கத்துது. அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட ஆள் இல்ல. இவரு ரயில் வுடப் போறாரு" என்பார்.

எட்டு மாதம் சனி, ஞாயிறு பாராமல் தோண்டினோம். தண்டவாளம் முழுசாக வெளியே தெரிந்ததும் முதல் ஆளாகச் சந்தோஷப்பட்டவன் பழைய இரும்புக்காரன்.

அவனுக்குப் பின்னாலேயே சின்ன முதலாளி தானிஷ் வந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க பாய். எடத்த விக்கப் போறோம். திங்கக்கிழம லாரி வருது."

பாய் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை. "ஞாயித்துக்கிழம நீங்களே ட்ராலியில ஒக்காருங்க மொதலாளி. கேட்டு வரைக்கும் தடம் பொரளாம போச்சுன்னா இந்தத் தடத்த வுட்டுடணும். பொரண்டா, நானே லாரியில ஏத்தித் தர்றேன்."

தானிஷ் கொஞ்சம் யோசித்துச் சரி என்றார்.

ட்ராலியின் பிரேக் கட்டை மக்கிப்போயிருந்தது. பாய் செருப்புக்கான அடித்தோலை நாலு மடிப்பாக மடித்துத் தைத்து மாட்டினார். அச்சுக்குக் கிரீஸ் வாங்கலாம் என்றார் ராமலிங்கம். பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "நாம எந்த ஊரு? கடைக்குப் போயி கிரீஸ் வாங்கறதா?" பக்கத்து ஷாப்பில் போய், தோலிலிருந்து சுரண்டி எடுத்த கொழுப்பை ஒரு வாளி வாங்கிவந்து உருக்கினார். அச்சுக்குத் தடவினார், வளைவில் தண்டவாளத்துக்குத் தடவினார், கை துடைக்க இடமில்லாமல் பிரேக்குக்கும் தடவினார்.

"முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேல இருந்தேன். தண்டவாளத்துல கொழுப்பு தடவி நான் பாத்ததில்ல" என்றார் ராமலிங்கம்.

"அதான் உங்க வண்டியெல்லாம் லேட்டு."

ஞாயிறு காலையில் விரிஞ்சிபுரம் போய் மார்க்கபந்தீஸ்வரரிடம் முறையிட்டுவிட்டு வந்தேன். அந்தக் காலத்தில் ஒரு வியாபாரியின் மிளகு மூட்டைக்கு வழித்துணையாகப் போன சாமி, தோல் ட்ராலிக்கும் வரமாட்டாரா என்ற நம்பிக்கை. வந்தார். ஆனால் நாய் ரூபத்தில் வருவார் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் இரண்டு நாய். தானிஷ் வெள்ளை ஜிப்பாவோடு ட்ராலியில் நாற்காலி போட்டு உட்காரும்போது பதினைந்து இருக்கும். வளைவு முழுக்க வரிசையாக நின்று தண்டவாளத்தை நக்கின. பாய் அவற்றைப் பார்க்காத மாதிரி "பிஸ்மில்லா" சொல்லித் தள்ளினார். கேட்டுப் பக்கம் கொஞ்சம் சரிவு. ட்ராலி எங்கள் கையை விட்டு ஓட ஆரம்பித்தது. நாய்கள் துள்ளி விலகி, அச்சைக் கடிக்கப் பார்த்தபடி கூடவே ஓடின. எதிர்ப்பக்கமாக ஒரு செவலை நாய் மட்டும் எதையோ கவ்விக்கொண்டு போனது. ராமலிங்கம் உற்றுப் பார்த்தார்.

"பாய், அது நம்ம பிரேக்கு."

நாங்கள் ஓடினோம். முழங்கால் தேய்ந்தவர்கள் ஓடுகிற ஓட்டம். ட்ராலி வளைவைத் தாண்டி, நாங்களே எட்டு மாதமாகத் தோண்டிக் கேட்டருகே கொட்டிவைத்த மண்மேட்டில் போய் மோதி நின்றது. நாற்காலி ஒரு பக்கம், தானிஷ் ஒரு பக்கம். ஜிப்பா எங்கள் ஷாப்புத் தோல் நிறத்துக்கு வந்திருந்தது.

பாய் அவரைத் தூக்கவில்லை. சக்கரத்தைக் காட்டி, "பொரண்டுச்சா?" என்று ராமலிங்கத்தைக் கேட்டார்.

ராமலிங்கம் குனிந்து நாலு சக்கரத்தையும் தடவிப் பார்த்தார். "இல்ல. நாலும் மேலதான் இருக்குது."

தானிஷ் வாயில் இருந்த மண்ணைத் துப்பினார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் போனை எடுத்து இரும்புக்காரனைக் கூப்பிட்டு, "நாளைக்கு லாரி வேணாம்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "மொதல்ல நல்ல பிரேக்கு போடுங்க" என்றார். இடத்தை விற்றபோது தடத்தை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு மட்டும் விற்காமல் வைத்தார். இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து ஏறுகிறார்கள்.

போன ஐப்பசியில் பாய்க்கு மார்வலி. வேலூர் பாகாயத்தில் மகள் வீட்டில் இருந்தார். நான் பார்க்கப் போனது கிருத்திகை அன்று என்பது எனக்கே நினைவில்லை; அவருக்கு இருந்தது. நசீமுன்னிசா சோறு கொண்டுவந்தபோது, "உள்ள வை, அப்பறம் துன்றேன். இங்க காத்து கம்மி" என்றார். அடுத்த வியாழக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் கிருத்திகை அன்றைக்கு நான் கிளம்பி வாசல்வரை வந்த பிறகு கூப்பிட்டார்.

"தனகோடி, சனிக்கிழம அச்சுக்கு நீயே கிரீஸ் வெய்யி. கடை கிரீஸே வெய்யி. நாய்ங்க வந்து கேட்டா, பாய் ஊர்ல இல்லன்னு சொல்லு."